நைனாவின் சட்டை

ஜன்னல் வெயிலில் தூசி மினுங்கி இறங்குவதை ரூபா மூச்சடக்கிப் பார்க்கிறாள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, அப்பாவின் உடுப்போடு வீட்டுக்கு வரும் தூசிதான் காரணம் என்று திருப்பதி டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். ஈரத்துணியால் மூன்றாம் தடவையாகத் தரையைத் துடைக்கிறாள். துணி இன்னும் கறுத்துத்தான் வருகிறது. பழைய ஈயப் பேட்டரி உடைக்கும் ஷெட்டிலிருந்து குழந்தையின் அப்பா ஹேமநாத் வந்து வாசலில் நிற்கிறான். "உள்ள வராதய்யா!" என்று அலறுகிறாள். "கை கால் கழுவிக்கினுதான் வந்தேன்." "சொக்காயெல்லாம் அந்தத் தூசிதானே கீது!" நைனாவின் குரல் கேட்டதும் பத்து மாதக் குழந்தை அவனை நோக்கித் தவழ்கிறது. அவன் பதறிப் படியிறங்கிப் பின்வாங்குகிறான். விளையாட்டென்று நினைத்துக் குழந்தை கலகலவென்று சிரிக்கிறது. அவன் நின்ற இடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கையை வாயில் வைக்கிறது.