ஏழரை சதவீதம்

"ஏளா எமில்டா, எங்க பள்ளிக்கூடத்துல படிச்சா டாக்டர் சீட்டு கிடைக்காதுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

ஈவாஞ்சலின் டீச்சருக்கு வெயிலில் வந்த வேர்வையைவிடக் கோபத்தில் வந்த வேர்வை அதிகம். ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை பிடிக்க, கோடை விடுமுறை முழுக்கத் திரேஸ்புரத்தில் தெருத்தெருவாக அலைகிறாள். இருபது பேர் வேண்டும், பத்தொன்பது தேறியிருக்கிறது. இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் டீச்சர் உபரி ஆசிரியை. விளாத்திகுளம் பக்கம் தூக்கி அடித்துவிடுவார்கள். இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்த கைக்கு என்ன ஒரு மரியாதை!

"யாரு சொன்னா என்ன டீச்சர்?" எமில்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "டாக்டர் சீட்டுல அந்த ஏழரை சதவீதம் அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளேளுக்கு மட்டுந்தானாம். ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கனயே படிக்கணுமாம். உங்களுது சபை நடத்துற பள்ளிக்கூடம், அரசு உதவி மட்டுந்தான் வாங்குதாம்."

"எனக்குச் சம்பளம் போடுறது யாரு? அரசாங்கம். புஸ்தகம், சத்துணவு முட்டை குடுக்கது யாரு? அரசாங்கம். காலேஜ் சீட்டுன்னு வந்தா மட்டும் எங்க பிள்ளேளு அசலூர்ப் பிள்ளேளா? இது அநியாயம் இல்லையாளா?"

"அநியாயந்தான் டீச்சர்."

"மெட்ரிக் பள்ளிக்கூடத்துக்காரன் வேன் விட்டுப் பாதிப் பேரை அள்ளிட்டுப் போறான். மிச்சத்தை இது அள்ளிட்டுப் போவுது. பேரு வச்சிருக்காங்க பாரு பொருத்தமா, ஏழரைன்னு!"

எமில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் ஒரே மூச்சில் குடித்தாள்.

"நீ என் கிளாஸ்ல படிச்சவதான? உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல டீச்சர். நாலு எழுத்து தெரியுதுன்னா அது உங்களாலதான். ஆனா எங்க வீட்டுல அவிய போட்டுல மீன்பிடிக்கப் போயி சம்பாதிக்கதுல பிரைவேட் காலேஜ்ல டாக்டருக்குப் படிக்க வைக்க முடியுமா? எம் மகளுக்கு இருக்கது இந்த ஒரு வழி. அதையும் நானே அடைக்கவா?"

டீச்சருக்குச் சத்தம் இன்னும் கூடியது.

"பத்து வயசுப் பிள்ளைக்கு இப்பமே காலேஜ் கணக்கா? படிக்கிற பிள்ளை எங்கன இருந்தாலும் படிக்கும். நான் ஊருக்கு மட்டும் உபதேசம் பண்ணல, கேட்டுக்க. எம் மக கிருபையும் டாக்டராவணும்னுதான் சொல்லுதா. அவளை எங்கன சேர்க்கப் போறேன்? எங்க பள்ளிக்கூடத்துல! அந்தப் பத்தொன்பதுல முதல் பேரே அவதான்!"

எமில்டா கையில் வாங்கிய செம்போடு அப்படியே நின்றாள்.

"என்னளா முழிக்க? உன் மனசைக் கலைச்சது யாருன்னு மட்டும் சொல்லு. இப்பமே போயி நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

"வேண்டாம் டீச்சர். விட்டுருங்க."

"சொல்லுதியா, மாட்டியா?"

எமில்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க வீட்டு சாருதான் டீச்சர். நேத்து அரசுப் பள்ளிக்கூடத்து வரிசையில எங்களுக்கு முன்னால நின்னு கிருபையைச் சேர்த்தாவ. 'உங்க டீச்சர்ட்ட நானே பதமாச் சொல்லிக்கிடுதேன், நீ சொல்லிராத'ன்னாவ."