கோச் சொன்ன செய்தி

மாயாவ் வீட்டுக்குள் வந்ததும் அப்பா ரெகால் ஒரு கிண்ணத்தில் மீன் சூப்பை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுடா."

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளையிலேருந்து எனக்கு பேஸ்பால் கிடையாது. அணியிலேருந்து எடுத்துட்டாங்க. கோச் தனியா கூப்பிட்டுச் சொன்னார்."

ரெகால் நிமிர்ந்து பார்த்தார். "எப்படிச் சொன்னான்?"

"தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்."

"முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாத பய!"

"திட்டாதீங்கப்பா. அவரும் தைவான்ல அணி அணியா மாறி ஆடினவருதான். ஒவ்வொரு அணியும் அவரை இப்படிக் கூப்பிட்டுச் சொல்லித்தான் அனுப்புச்சு."

"அந்த வலி தெரிஞ்சவன், உனக்கு இன்னும் ஒரு வருஷம் கேட்டிருக்கலாமே?"

"என் மட்டையில பந்தே படலையேப்பா. கோச் பொய் சொல்லமாட்டார்."

அம்மா பனாய் கரண்டியை ணங்கென்று வைத்தாள். "போதும், ரெண்டு பேர் கூத்தும்! மைதானத்துல அப்பான்னு கூப்பிடக் கூடாதுன்னு சட்டம் போட்டீங்க, சரி. வீட்டுக்குள்ளயும் கோச் யாரோ மாதிரியா பேசுவீங்க? கோச்சா நீங்கதானே உங்க வாயால பிள்ளைகிட்ட சொல்லிட்டு வந்தீங்க?"

ரெகாலின் தலை கவிழ்ந்தது. "அணி மேனேஜர்தான் சொல்றேன்னார். வேற யாரும் சொல்லி அவன் கேட்க வேண்டாம்னு அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன், பனாய்."

"தெரியும்ப்பா," என்றான் மாயாவ். குரல் உடைந்தது. "கோச் முன்னாடி அழக் கூடாதுன்னுதான் வீடு வரைக்கும் அடக்கிக்கிட்டு வந்தேன்."

ரெகால் எழுந்துபோய் அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"இங்க கோச் இல்லடா. அழு."