மூலை நசுங்கிய டின்

“பொரிச்ச எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுதீங்களாமே?”

உணவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்டதும் பெத்துராஜ் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

“இல்லவே இல்ல சார்!”

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்கன் பொரிக்கும் கடை அவருடையது. சோதனை வரப்போகிறது என்று தெரிந்து, கறுத்துப்போன எண்ணெயை மூலை நசுங்கிய டின்னோடு முந்தாநாளே ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தார்.

அதிகாரி தேடிவிட்டுப் போனார். பெத்துராஜ் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மகள் சுகிர்தா தோசை தின்றுகொண்டிருந்தாள்.

“பிள்ளை ரொம்ப குண்டா இருக்கா, நல்ல எண்ணெயாப் பாத்து வாங்குங்கன்னு ஸ்கூலுக்கு வந்த கவர்மென்ட் டாக்டரம்மா சொன்னாவல்லா?” என்றாள் மனைவி. “நேத்து வண்டியில செக்கெண்ணெய் வந்துச்சு, டின்னோட வாங்கிட்டேன். நிறம்தான் கொஞ்சம் கறுப்பு.”

அடுப்பு ஓரத்தில் டின் இருந்தது. அதன் மூலை நசுங்கியிருந்தது.

“அம்மா, இன்னொரு தோசை!” என்று சுகிர்தா தட்டை நீட்டினாள்.