தங்கையின் பெயருக்கு

அண்ணன் இறந்து ஒரு மாதம் கழித்து, காப்பீட்டு அலுவலகத்திலிருந்து தங்கைக்கு அழைப்பு வந்தது. அண்ணன் தன் பாலிசியின் உரிமையை அவள் பெயருக்கு மாற்றியிருப்பதாகவும், அவள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவின் வீட்டை விற்ற தகராறில் இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன மழைக்காலத்தில் அவர் வந்து கதவைத் தட்டியபோதும், உள்ளே இருந்துகொண்டே அவள் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தது மயானத்தில்தான்.

மதியமே கிளம்பிப் போனாள்.

“எப்பங்க மாத்தினாரு?” என்று அலுவலரிடம் கேட்டாள்.

“இன்னைக்குக் காலைலதாம்மா. இங்க உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டாரு.”

“எங்கண்ணன் போயிட்டாருங்க.”

“எங்க போயிட்டாரு? டீ குடிக்கக் கீழ இறங்கியிருக்காரு. ‘என் தங்கச்சி கோவக்காரி, வந்தா விட்டுடாதீங்க, பிடிச்சு உட்கார வைங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாரு.”

அலுவலர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“அண்ணன் வரட்டும். வந்ததும் போடுறேன்.”

மாலையில் ஒவ்வொரு விளக்காக அணைக்கத் தொடங்கினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் வாசலையே பார்த்திருந்தாள்.