செட்டிங்ஸுக்கு மூன்று நிமிடம்

அவள் இன்னும் ஆடவே ஆரம்பிக்கவில்லை.

அதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

கோவை. மால். மூன்றாவது மாடி. தாள விளையாட்டின் மாநில இறுதிச் சுற்று. ஏழு பேர் ஆடி முடித்தாயிற்று. முதலிடத்தில் அவன், 96.2. மிச்சம் இவள் ஒருத்திதான்.

இவள் சறுக்கினால் கோப்பை அவனுக்கு. தொடர்ந்து மூன்றாவது வருடம்.

ஆனால் மனசு கோப்பையில் இல்லை.

பாட்டு ஓடும்போது திரையில் வண்ணக் கட்டைகள் மேலிருந்து விழும். தாளம் விழும் கணத்தில் பொத்தானைத் தட்ட வேண்டும். பிந்தினால் ‘லேட்’ என்று திரை காட்டிக் கொடுத்துவிடும். போன வருடம் அவனுக்கு அது நான்கே முறை வந்தது. இன்று முப்பத்தொரு முறை.

வயது முப்பத்திரண்டு. விரல் தளர்ந்துவிட்டது. இதோடு சரி என்று மேடையை விட்டு இறங்கும்போதே முடிவு கட்டிவிட்டான்.

கோகிலவாணி. திருப்பூர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவள். அறிவிப்பாளர் இதைப் படித்ததும் பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக செட்டிங்ஸைத் திறந்தாள்.

அதற்கு மூன்று நிமிடம் உண்டு. யாரும் பத்து விநாடிக்கு மேல் எடுத்ததில்லை. டிவியில் சத்தம் பிந்துவதைச் சரிக்கட்ட வீட்டில் போடுகிற எண் எல்லாருக்கும் மனப்பாடம். வந்தவுடன் அதை அடித்துவிட்டு ஆட்டத்துக்குப் போவதுதான் கெத்து. அவன் எண் பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

அவள் முதலில் வேகத்தைக் கூட்டினாள். ஏழு. ஒன்பது. பதினொன்று. கட்டைகள் அருவியாகக் கொட்டின.

“பொண்ணு காலி,” என்றான் பக்கத்தில் இருந்த நண்பன் கிஷோர்.

காலியா?

அவனுக்குப் புரிந்தது. வேகம் கூடினால் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். திரையில் ஒரு நேரத்தில் மூன்றே மூன்று. அடுத்து எதைத் தட்ட வேண்டுமோ அது மட்டும் கண்ணில் படும்.

அடேயப்பா.

அடுத்தது ஒலிச் சோதனை. டிக், டிக் என்று சத்தம் வரும். கூடவே பொத்தானைத் தட்ட வேண்டும். இந்த டிவியில் சத்தம் எவ்வளவு பிந்தி வருகிறது என்று கணித்து விளையாட்டே ஓர் எண்ணைச் சொல்லும்.

கண்ணை மூடித் தட்டினாள். நாற்பது.

உதட்டைச் சுழித்தாள். மறுபடி தட்டினாள். எழுபத்து நான்கு.

கூட்டத்தின் இரைச்சலில் டிக் கேட்கவில்லை.

நடுவர் இம்மானுவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஏம்மா, அவனவன் நம்பரைப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கான். உனக்கு மட்டும் என்ன?”

“புது மெஷின்ல உக்காந்தா வேஸ்ட் துணியில ஓட்டிப் பாக்காம நல்ல துணியை வெக்க மாட்டோமுங்க சார்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை.

புது மெஷின்.

மேடையில் இருந்தது புது டிவி. சுவர் அகலத்துக்கு. அவன் அடித்ததோ வீட்டு டிவியின் எண்.

அப்படியானால் அந்த முப்பத்தொரு ‘லேட்’டும் விரல் செய்த தப்பா, டிவி செய்ததா?

அவளுக்கு எண் கிடைத்தால் தெரிந்துவிடும். கிடைத்தால் கோப்பையும் போய்விடும்.

நாற்பது விநாடி பாக்கி. அவள் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள். சிரிப்பு ஓயவில்லை.

அவன் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுந்தான்.

“கொஞ்சம் வாயை மூடுங்கப்பா! அவங்களுக்குக் கேக்கட்டும்!”

கிஷோர் சட்டையைப் பிடித்து இழுத்தான். “டேய் லூசு! அவளுக்குக் கேட்டா நீ அவுட்டுடா!”

“நீயும் மூடு.”

ஒவ்வொருவராக அடங்கினார்கள். எஸ்கலேட்டர் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

டிக். தட்.

டிக். தட்.

பிறகு இரண்டும் ஒரே சத்தமாயின.

ஐம்பத்தெட்டு.

அதோடு விடவில்லை. இன்னொரு முறை தட்டினாள். ஐம்பத்தெட்டு. தலையை ஆட்டிக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது.

மணிக்கட்டு அசையவில்லை. தோள் அசையவில்லை. விரல் நுனிகள் மட்டும். கடைசி நிமிடத்தில் தாளம் வெறி பிடித்து ஓடியது. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. அவள் மெதுவாக மூச்சை விட்டாள்.

‘லேட்’ ஒரு முறைகூட வரவில்லை.

98.9.

பாட்டு முடிந்த பிறகுதான் தான் இன்னும் நின்றுகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. கை வலித்தது. அவ்வளவு நேரமும் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

கோப்பை, போட்டோ, செல்ஃபி. கூட்டம் அவளை அள்ளிக்கொண்டு கீழே போயிற்று.

அவன் மேடை ஏறினான். அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“தம்பி, போட்டி முடிஞ்சிருச்சே,” என்றார் இம்மானுவேல், வயரைச் சுருட்டிக்கொண்டே.

“தெரியும் சார். டிவியை மட்டும் அணைச்சிராதீங்க. ரெண்டே நிமிஷம்.”

செட்டிங்ஸ். ஒலிச் சோதனை.

கண்ணை மூடினான்.

இருபது டிக். இருபது தட்டு.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தான்.

ஐம்பத்தேழு. போட்டியில் அவன் அடித்ததோ பன்னிரண்டு; தப்பு விரலில் இல்லை.

“எவ்ளோ வந்துச்சுங்ணா?”

பின்னால் கோகிலவாணி. மறந்துவிட்டுப் போன பையை எடுக்க வந்திருந்தாள். கோப்பை கக்கத்தில் இருந்தது.

அவன் திரையைக் காட்டினான்.

எட்டிப் பார்த்தாள். “அட, கிட்டத்தட்ட நம்ம நம்பருதான். அப்புறம் ஏனுங்ணா தோத்தீங்க?”

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பாடல் பட்டியலைத் திறந்தான். தள்ளிக்கொண்டே போனான். ஆகக் கடினமான பாட்டுகள் இருக்கும் பக்கம் வந்ததும் நிறுத்தினான்.