மாட்டுக்குக் கீழே ஒரு பெயர்

புலம்பெயர்ந்து வாழும் டூங்கபி வீட்டில், பழைய ஆவணங்களை ஆராயும் நிஷானி நீட்டிய உறையைக் கொட்பிறி அங்கிள் பறித்துப் பிரித்தார். மகள் காதலிக்கும் எறிக்கின் பரம்பரையையும், பெருமைக்குத் தன் பரம்பரையையும் யாழ்ப்பாணத்துப் பழைய நீதிமன்றப் பதிவுகளில் தேடித் தரும்படி அவளிடம் கேட்டவர் அவர்தான்.

1834இல் இறந்த ஒரு நிலக்காரரின் சொத்துப் பட்டியல் அது.

“பசு ஏழு. எருது நாலு. அடிமைப் பொடியன் சூசை, வயது ஒன்பது.” அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். “மாட்டோட மாடா எழுதியிருக்கிறாங்கள்! சீ, இந்த வம்சத்துக்கோ என்ர பிள்ளை?”

நிஷானி பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கலியாணம் இல்லையெண்டு எறிக்கின்ர தேப்பனுக்கு இப்பவே சொல்லுறன்.” அங்கிள் போனை எடுத்தார்.

“காரணத்தையும் சொல்லுங்கோ அங்கிள். எறிக்கின்ர ஆக்களின்ர பதிவு இன்னும் கிடைக்கேல்லை. சூசை உங்கட பூட்டன்ர அப்பா.”