பெண்வீட்டுப் பெட்டி

முதல் தட்டு யோஸ்டின் காதை உரசிக்கொண்டு பறந்து கோட்டைச் சுவரில் மோதிச் சிதறியது. இரண்டாவது தட்டின் சில்லு தெறித்து அவன் நெற்றியைக் கிழித்தது. இரத்தம் புருவத்தில் இறங்கியது.

"என்ன மாப்ள, வலிக்குதா?" என்றார் பெண்ணின் அப்பா ஹின்ரிக். சுற்றி நின்ற உறவுக்கூட்டம் பீர் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பழைய பீங்கானை உடைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சத்தத்தில் பீடை ஓடிவிடும். சில்லுகளைப் பெருக்குவது மணமக்கள் வேலை. ஆனால் ஹின்ரிக் சுவரைக் குறிவைக்கவில்லை. தன் பன்றிப் பண்ணைக்கு ஒரு மருமகனைத் தேடியவருக்கு, அகழி சூழ்ந்த இந்தக் கோட்டையில் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொள்ளும் யோஸ்டைக் கண்டாலே ஆகாது.

ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்காக ஊர் ஊராய்ப் பழம்பொருள் திரட்டிக் களைத்திருந்தான் யோஸ்ட். துடைப்பத்தோடு குனிந்தவன் ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தான். முகம் வெளிறியது. "மாமா, அந்தப் பெட்டி..." என்று தொடங்கினான்.

ஹின்ரிக் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு மோதினார். "வாயத் தொறந்தே, நாளைக்கு நான் வரமாட்டேன். நான் எறியிறேன், நீ பெருக்கு."

யோஸ்ட் மணப்பெண் வீப்கேயைப் பார்த்தான். அப்பா வந்து நிற்காமல் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கோட்டை வாசல் வளைவின் அடியில் இருந்த மரப்பெட்டியிலிருந்து, வைக்கோலை உதறி உதறிப் பீங்கானை எடுத்து வீசினார் ஹின்ரிக். "உடைக்கிறதுக்குப் போயி மெக்டில்ட் அத்தை இவ்வளவு பத்திரமா கட்டியிருக்காங்களே" என்று யாரோ கேலி செய்தார்கள். ஒரு ஜாடி யோஸ்டின் தோளில் பட்டு நொறுங்கியது. அகழியில் வாத்துகள் அலறி விலகின.

கடைசியாக, நீலப்பூ போட்ட பெரிய சூப் கிண்ணம். அதைக் கண்டதும் யோஸ்ட் இரண்டு கைகளையும் நீட்டினான். ஹின்ரிக் அதை அவன் காலடியில் ஓங்கி அடித்தார். அவன் சில்லுகளின் மேலேயே முழங்காலிட்டு விம்மினான்.

ஹின்ரிக்கின் கை தாழ்ந்தது. இவ்வளவு அடித்தும் பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே. அவனைத் தூக்கி நிறுத்தி, நெற்றி இரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். "அழாதடா. நாளைக்கு மொத ஆளா நான் வந்து நிப்பேன்."

வண்டியை நிறுத்தப் போயிருந்த அவர் மனைவி மெக்டில்ட், மூச்சிரைக்கப் பாலத்தைக் கடந்து வந்தாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி கலகலத்தது.

"என்னங்க, நம்ம பெட்டிய வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களே."